எந்த ஊர்ப் பல்லி?

பல்லியிடம் நம் முன்னோர் மிகுதியாகக் கவனித்தது அதன் குரலைத்தான். பிரிந்து சென்ற தலைவன் வருவானா என்று பல்லியின் சொல்லுக்குச் செவி சாய்க்கும் தலைவியரை அகநானூற்றிலும் நற்றிணையிலும் காண்கிறோம். இன்றும் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கு இடம் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் விதானத்திலுள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். இத்தனை இருந்தும் பல்லியைப் பிடித்துப் பெட்டியில் வைத்து வளர்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் நமக்கு எழவில்லை. எழத் தேவையும் இல்லை. அது கேட்காமலேயே நம் வீட்டில் குடியிருக்கிறதே!

அந்த எண்ணம் வெளியிலிருந்து வந்தது. இப்போது நம் நகரங்களிலும் இளைஞர் சிலர் கண்ணாடிப் பெட்டியில் பல்லி வளர்க்க ஆசைப்படுகிறார்கள். "முதன்முதலில் வளர்ப்பதற்கு எந்தப் பல்லி ஏற்றது?" என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. இக்கேள்விக்கு நிறத்தையும் விலையையும் வைத்து விடை சொல்ல முடியாது. எந்த ஊர்ப் பல்லி, யார் கையில் பிறந்தது, எப்படிப் பெட்டிக்கு வந்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அதாவது, பல்லியின் வரலாற்றைக் கேட்க வேண்டும். அவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் நம் நாகைக் கடற்கரையிலேயே இருக்கிறது.

தரங்கம்பாடிப் பாதிரியார்

நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலைத் தாண்டி வடக்கே சென்றால் தரங்கம்பாடி. 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்து, பின்னர் மயிலாடுதுறை மாவட்டத்தில் சேர்ந்த ஊர். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அச்சுக்கூடத்துக்காகவும் சீகன்பால்குக்காகவும் இவ்வூரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். விலங்கியலிலும் தாவரவியலிலும் இதற்கு ஓர் இடம் உண்டென்பது அவ்வளவாக வெளியே தெரியவில்லை.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் உயிரினங்களுக்கு இரண்டு சொற்களில் பெயரிடும் முறையை வகுத்தார் அல்லவா? அவருடைய மாணவரான கோனிக் என்பவர் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். மூன்றாண்டு கழித்து, 1771-இல், கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் வந்தார். இவர் 1813-இல் இறக்கும்வரை தரங்கம்பாடியிலேயே இருந்தவர். பள்ளிக்கூடம் நடத்துவது, சமயப் பணி செய்வது இவற்றுக்கு நடுவே மீன், சிப்பி, பாம்பு என்று கடற்கரையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். பெர்லினில் பிளோக் என்ற மருத்துவர் உலக மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜான் பாதிரியார் அனுப்பிய மீன்கள் பல. அதற்கு நன்றியாகவே ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பிளோக் பெயரிட்டார். நம் மீனவர்கள் கத்தாளை என்று சொல்லும் மீன்களுள் சில இப்பேரினத்தைச் சேர்ந்தவை. நாகை மீன்சந்தையில் கத்தாளை வாங்கும்போது தரங்கம்பாடிப் பாதிரியாரின் பெயரையும் சேர்த்துத்தான் கூடையில் போட்டுக்கொள்கிறோம்!

பாம்புகளின் கதையும் இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி எழுதிய நூலின் முதல் பகுதி 1796-இல் வெளிவந்தது. தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த ஒரு மண்ணுளிப் பாம்புக்கு 1801-இல் அவர் ஜானின் பெயரையே சூட்டினார். இன்றைய அறிவியல் வழக்கில் அது 'எரிக்ஸ் ஜானி'. வாலும் தலையைப் போலவே மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பு என்று சொல்கிறோமே, அதுதான்.

ஓர் உயிரினத்துக்கு முதலில் பெயரிட உதவிய மாதிரி எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த இடத்தை அறிவியலார் குறித்து வைக்கிறார்கள். இருதலைப் பாம்புக்கு அந்த இடம் தரங்கம்பாடி. ஊர்ப் பெயர் இல்லாத மாதிரிக்கு அருங்காட்சியகத்தில் மதிப்பில்லை. பாட்டிலில் சாராயத்தில் ஊறும் உடலைவிட அதன் கழுத்தில் கட்டிய சீட்டே பெரிது என்று கூடச் சொல்லலாம். அந்தச் சீட்டு அறிவுக்கு வழிகாட்டியது. பிற்காலத்தில் வேறொரு கூட்டத்துக்கும் வழிகாட்டியது. பாதிரியாரின் பெயர் தாங்கிய பாம்பே இதற்குச் சான்று. நஞ்சற்ற, மண்ணில் எலி பிடித்துப் பிழைக்கும் இந்தப் பிராணிக்கு மந்திர சக்தி உண்டென்றும் பல இலட்சம் விலை போகுமென்றும் கதை கட்டி, இன்று அதைச் சாக்கில் போட்டுக் கடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் வனத்துறையினர் இவ்வழக்கில் ஆட்களைப் பிடிப்பது நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி.

சுவர்ப் பல்லியின் கடற்பயணம்

இனிப் பல்லிக்கு வருவோம். பாரிசில் துமேரில், பிப்ரோன் என்ற இருவர் ஊர்வன அனைத்தையும் பற்றிப் பல தொகுதிகளில் ஒரு நூல் எழுதினார்கள். 1836-இல் வந்த அதன் மூன்றாம் தொகுதியில் நமக்கு நன்கு பழக்கமான இரண்டு பல்லிகளுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்று, விளக்கடியில் பூச்சி பிடிக்கும் வீட்டுப் பல்லியான 'ஹெமிடாக்டைலஸ் பிரெனேட்டஸ்'. மற்றொன்று மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் சற்றுப் பெரிய பல்லி. புதுச்சேரியில் தங்கிச் செடிகொடிகளையும் விலங்குகளையும் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பிய லெஷெனோ என்பவரின் பெயர் அதற்கு.

வீட்டுப் பல்லி பெரிய பயணி. தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் அதன் சொந்த ஊர். இன்றோ மெக்சிகோ, ஹவாய்த் தீவுகள், ஆஸ்திரேலியா என்று வெப்ப நாடுகள் எங்கும் பரவியிருக்கிறது. மலாய்க்காரர்கள் அதன் ஒலியைக் கொண்டே அதைச் 'சிச்சாக்' என்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த குடும்பங்களுக்கு அப்பெயர் புதிதாக இராது.

கப்பலில் போக இதைவிடப் பொருத்தமான உடலமைப்பு வேண்டியதில்லை. முட்டை ஓடு கெட்டியானது. காற்று வறண்டிருந்தாலும் முட்டை வற்றிப் போவதில்லை. மரப்பெட்டியின் இடுக்கிலேயே பொரித்துவிடும். ஒருமுறை இணைசேர்ந்த பெண் பல்லி ஆணின் விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு முட்டையிட வல்லது. ஆகவே ஒரே ஒரு பெண் பல்லி கரையிறங்கினாலும் போதும், ஒரு குடியேற்றம் தொடங்கிவிடும்.

அப்படி இறங்கியதால் என்ன வந்தது? பசிபிக் தீவுகளில் ஏற்கெனவே ஒரு சிறு பல்லி இருந்தது. அதில் ஆணே இல்லாமல் பெண்கள் மட்டுமே பெருகுகின்றன. மின்விளக்கு வந்த கட்டடங்களில் நம் வீட்டுப் பல்லி முந்திக்கொண்டு பூச்சிகளைப் பிடித்துவிட, அந்தச் சிறு பல்லி மெலிந்து, குறைந்து போயிற்று. இதைச் சோதனை மூலம் காட்டிய ஆய்வு 1993-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. நாம் சாதுவென்று எண்ணும் சுவர்ப் பல்லி அடுத்தவர் வீட்டில் ஆக்கிரமிப்பாளன். வளர்க்க முடியவில்லை என்று அயல்நாட்டுப் பல்லியைத் தோட்டத்தில் விட்டுவிடுவதன் ஆபத்தும் இதுவே.

கால் ஒட்டும் விந்தை

பெட்டி வளர்ப்புக்கும் பல்லியின் காலுக்கும் ஒரு தொடர்பு இருப்பதால் அதையும் சிறிது பார்ப்போம். பல்லி மரத்தில் தலைகீழாகவும் ஓடுவதை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். காரணம் தெரிய இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உறிஞ்சு தட்டுப் போலக் காற்றை வெளியேற்றி ஒட்டுகிறது என்றார்கள் சிலர். இந்திய விலங்கியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா, 1923-இல் எழுதிய கட்டுரையில் உராய்வே காரணம் என்றார். ஜெர்மானியரான டெல்லிட் 1934-இல் காற்றை வெளியேற்றிய கலத்திலும் பல்லி ஒட்டி நிற்பதைக் காட்டவே, உறிஞ்சு தட்டுக் கொள்கை ஒழிந்தது. ஆக்ராவில் பேனிசரண் மகேந்திரா வட இந்திய வீட்டுப் பல்லியின் உடலமைப்பு, இனப்பெருக்கம், நடை ஆகியவற்றை ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்து 1930-களிலும் 1940-களிலும் வெளியிட்டார். சுவரில் கிடக்கும் எளிய பிராணியை இத்தனை பொறுமையோடு பார்த்த அந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

முடிவான விளக்கம் 2000-இல் வந்தது. டோக்கே என்னும் பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 இலட்சம் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான இழைகளாகப் பிரிகிறது. இவ்விழைகள் சுவரை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையே எழும் வாண்டர்வால்ஸ் கவர்ச்சி விசையே பல்லியைத் தாங்குகிறது. அமெரிக்காவில் ஆட்டம், ஃபுல் முதலியோர் ஒற்றை மயிரின் ஒட்டு விசையை அளந்து காட்டினார்கள்.

ஆனால் எல்லாப் பல்லிக்கும் இந்த ஒட்டும் பாதம் இல்லை. இல்லாத ஒரு பல்லிதான் வளர்ப்போர் உலகில் முதலிடம் பிடித்தது.

கல்கத்தாவில் பெயர் பெற்ற சிறுத்தைப் பல்லி

கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக 1841 முதல் சுமார் இருபது ஆண்டு இருந்தவர் எட்வர்டு பிளித். டார்வினுக்கு ஓயாமல் கடிதம் எழுதி இந்திய விலங்குகளைப் பற்றித் தகவல் தந்தவர். சம்பளம் போதாமல் திண்டாடிய இவர், உயிருள்ள விலங்குகளை வாங்கிக் கப்பலில் அனுப்பும் வாணிகத்திலும் இறங்கிப் பார்த்தார். இப்போது பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த ஒரு புள்ளிப் பல்லியை 1854-இல் பிளித் விவரித்தார். அதுவே சிறுத்தைப் பல்லி, 'யூபிளெபாரிஸ் மாகுலேரியஸ்'. உலகெங்கும் புதிதாகப் பல்லி வளர்ப்போர் இன்று முதலில் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். விலங்கு வாணிகம் கைகூடாத பிளித்துக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பாரோ!

ஏன் இது முதலிடம் பெற்றது? இதற்கு இமை உண்டு. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லை, அது நாக்கால் கண்ணை நக்கித் துடைக்கிறது. சிறுத்தைப் பல்லிக்கு ஒட்டும் பாதம் இல்லாததால் கண்ணாடியில் ஏறித் தப்புவதில்லை. வாலில் கொழுப்பைச் சேமிப்பதால் இரண்டொரு நாள் இரை தவறினாலும் தாங்கும். மெல்ல நடக்கும், கையில் எடுத்தால் பதறுவது குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றைப் பல தலைமுறைகளாகப் பெட்டியிலேயே பெருக்கிவிட்டார்கள். காட்டில் பிடிக்கும் தேவை அதனால் வெகுவாகக் குறைந்தது.

இவ்வினப்பெருக்கத்தில் ஒரு வியப்பு உண்டு. சில ஊர்வனவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டையிருக்கும் சூடு தீர்மானிக்கிறது. மதலேன் ஷார்னியே என்ற பெண்மணி 1966-இல் ஆப்பிரிக்க ஓணான் ஒன்றில் முதன்முதல் கண்ட உண்மை இது. சிறுத்தைப் பல்லியின் முட்டையைச் சுமார் 26 டிகிரி சென்டிகிரேடில் வைத்தால் பெரும்பாலும் பெண். 32, 33 டிகிரியில் ஆண் மிகுதி. 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண்.

ஆனால் பெருக்கத் தெரிந்த மனிதன் அதோடு நிற்பானா? வெள்ளை, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் என்று புதுப்புது நிறங்களைத் தேடினான். அமெரிக்காவில் 2015-இல் பொரித்த ஒரு மஞ்சள் பல்லியிலிருந்து 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற வகை உருவாயிற்று. அதிக விலை போயிற்று. பிறகு பார்த்தால், அவ்வகைப் பல்லிகளில் 100-க்கு 80-க்கு மேல் தோலில் கட்டி கண்டது. அழகிய நிறத்தைத் தந்த மரபணுவே கட்டிக்கும் காரணம் என்று 2021-இல் வெளியான ஆய்வு கூறிற்று. முதற்பல்லி வாங்குவோர் சாதாரணப் புள்ளிப் பல்லியோடு நிறைவடைவது நல்லது. விலையும் குறைவு, பல்லிக்கும் துன்பம் குறைவு.

முகவரி மறைக்கப்பட்ட பல்லிகள்

சிறுத்தைப் பல்லியின் நெருங்கிய உறவினம் ஒன்றைத் தென் சீனத்தில் கண்டு 1999-இல் அறிவியல் இதழில் விவரித்தார்கள். வழக்கம்போல் எந்த இடம் என்பதும் அச்சாயிற்று. அவ்வளவுதான். வளர்ப்பு வாணிகர்களுக்குப் பணம் செலவில்லாமல் ஒரு வரைபடம் கிடைத்தது. ஒரு பல்லி 1,500 முதல் 2,000 டாலர் வரை விலை ஏறியது. சில ஆண்டுகளில், முதலில் கண்ட அதே இடத்தில் அப்பல்லி அடியோடு இல்லாமல் போயிற்று. 2006-இல் ஆய்வாளர்கள் இதைச் 'சயன்ஸ்' இதழில் எடுத்துரைத்தார்கள். அதன் பின்னர், அரிய ஊர்வனவற்றை விவரிப்போர் பலர் இடத்தைத் துல்லியமாகச் சொல்வதில்லை. தரங்கம்பாடிக் காலத்தில் சீட்டில் ஊர்ப் பெயர் எழுதுவது அறிவியலாரின் கடமை; இன்று அதை மறைப்பதும் கடமையாகிவிட்டது. இரண்டு நூற்றாண்டில் இப்படியொரு தலைகீழ் மாற்றம்!

டோக்கேயின் கதை இன்னும் கொடியது. நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் இப்பல்லி எய்ட்ஸ் நோயைத் தீர்க்கும் என்று வதந்தி கிளம்பியது. 2011-இல் பிலிப்பைன்ஸ் அரசின் சுகாதாரத் துறையே இதற்கு ஆதாரம் இல்லை என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் பிடிப்பது நிற்கவில்லை. 2019-இல் அரிய உயிரின வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் டோக்கே சேர்க்கப்பட்டது. வளர்ப்போனுக்கும் அது ஆகாது, கடித்தால் விடாது.

இதற்கு நேர் எதிராக நல்ல கதை ஒன்றும் உண்டு. நியூ கலிடோனியாத் தீவில் கண்டு 1866-இல் பெயரிட்ட கொண்டைப் பல்லி அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டது. 1994-இல் மீண்டும் கண்டார்கள். அன்று கொண்டுவந்த சிலவற்றின் வழித்தோன்றல்கள் இன்று உலகமெங்கும் பெட்டிகளில் பெருகிவிட்டன. எனினும் நாகை வாசகர் இதை விரும்ப வேண்டாம். அது குளிர்ச்சி விரும்பி; நம் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அதை வைத்திருப்பது கொடுமை.

வாங்குமுன்

வாங்குவது என்று முடிவு செய்தால், முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு விலங்கை உயிருடன் வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வெளியாயின. எந்த இனமானாலும் பணம் கொடுக்குமுன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. நம் நாட்டுக் காடுகளிலும் சிறுத்தைப் பல்லியின் உறவினங்கள் உண்டு. கிழக்குப் பகுதியில் வாழ்வதற்கு 1827-இலும், சாத்பூரா மலையில் வாழ்வதற்கு 2014-இலும் பெயர் வைத்தார்கள். காட்டிலிருந்து யாராவது பிடித்துக் கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கவே கூடாது.

பிறகு பல்லியைப் பாருங்கள். எந்தப் பெட்டியில், எப்போது பொரித்தது என்று விற்பவர் சொல்ல முடிய வேண்டும். வால் பருத்திருக்க வேண்டும். ஒட்டிப் போன வால் பட்டினிக்கோ நோய்க்கோ அடையாளம். விரல் நுனிகளில் பழைய தோல் வளையம் போல் இறுகியிருந்தால் விரல் உதிர்ந்துவிடும். நம் எதிரிலேயே இரை தின்னச் சொல்லிப் பார்க்கலாம். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் சண்டைதான்.

நம் கடற்கரைக் காற்று ஈரமானது. சிறுத்தைப் பல்லியோ வறண்ட கற்பாறை நிலத்துப் பிராணி. ஆகவே பெட்டிக்கு நல்ல காற்றோட்டம் தேவை. ஒரு பக்கம் 30, 32 டிகிரி சூடும், மறுபக்கம் அதைவிடக் குறைவும் இருக்கட்டும். தரைக்கு மணலைவிடக் காகிதம் மேல். தோலுரிக்கும் காலத்துக்காக ஈரத்துணி வைத்த ஒரு மறைவிடம் போதும். சுவர்க்கோழியும் புழுவும், அவற்றின் மேல் தூவச் சிறிது சுண்ணாம்புச் சத்துத் தூளும் உணவு. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பல்லிக்கு நஞ்சில்லை, சோற்றில் விழுந்தால் விஷம் என்பது கற்பனை. ஆனால் அதன் எச்சத்தில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும் என்பதால் விழுந்த சோற்றைக் கொட்டிவிடுவது சரியே. இன்னொன்று: நன்றாக வைத்திருந்தால் இப்பல்லி 15, 20 ஆண்டு வாழும். எட்டாம் வகுப்பில் வாங்கும் மாணவன் வேலைக்குப் போய்த் திருமணமான பிறகும் அதற்கு இரை போட வேண்டியிருக்கும்!

இவ்வளவு காலம் தாங்குமா என்று ஐயமிருந்தால், ஓராண்டு வீட்டுப் பல்லியைக் கவனித்துப் பார்க்கலாம். பிடிக்கக் கூடாது, பிடித்தால் வாலை விட்டுவிடும், அதன் மெல்லிய தோலும் கிழியும். கூடத்து விளக்கருகே தினமும் எத்தனை மணிக்கு எத்தனை பல்லி வருகிறது, எது எதை விரட்டுகிறது, எந்தப் பூச்சியை விடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும். கண்ணாடி ஜன்னலின் வெளிப்புறம் ஒன்று ஏறும்போது உள்ளேயிருந்து டார்ச் அடித்து வயிற்றைப் பாருங்கள். தோலின் வழியே இரண்டு வெண்முட்டைகள் தெரிந்தால் அது தாய்ப் பல்லி. சில நாள் சென்று அந்த முட்டைகள் நிலைப்படி இடுக்கிலோ, சுவரில் மாட்டிய படத்தின் பின்னாலோ இருக்கும்.